கண்ணால் பார்த்தவர்கள் எழுதியது

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. மாணவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: தேடினால் கணினியில் வந்து விழுவதெல்லாம் ஆய்வு ஆகிவிடாது. யாரைப் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள், கடைசியில் என்ன ஆயிற்று என்று அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது அடுத்தவர் ஆய்வைப் பற்றிய வாய்ப்பேச்சு. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் என் தம்பி மக்காச்சோளம் போட்டிருந்தான். எங்கள் ஊரில் களைக்கொல்லியை ஒருவர் வாங்கி நாலு பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். கையில் கிடைத்த கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போவார்கள். குடிதண்ணீர் போவதும் அதே மாதிரி பாட்டிலில்தான். அன்று வெயிலில் மருந்தடித்துவிட்டு வரப்புக்கு வந்த தம்பி, தாகத்தில் பாட்டிலை மாற்றி எடுத்துவிட்டான். ஒரு வாய் உள்ளே போன பிறகுதான் துப்பினான்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். வாயெல்லாம் புண். மற்றபடி ஆள் நன்றாகத்தான் இருந்தான். “இன்னாக்கா, இதுக்குப் போயி லீவு போட்டுக்கினு வந்துட்ட?” என்று என்னையே கிண்டல் செய்தான்.

இந்த விஷத்துக்கு முறிவு இல்லை, நுரையீரல் மெல்ல மெல்லப் போய்விடும் என்று டாக்டர் எங்களிடம் சொன்னார். தம்பி மனைவி நம்பவில்லை. “நல்லா பேசிக்கினுதான அண்ணி இருக்காரு! உங்க லைப்ரரில இல்லாத புக்கா? பாத்து சொல்லுங்க, எங்கன்னாலும் இட்டுக்கினு போறேன்.”

வராந்தாவில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு சிகிச்சையைப் பற்றிக் கட்டுரைகள் வந்து குவிந்தன. பலன் தெரிகிறது, நம்பிக்கை அளிக்கிறது என்று ஒன்று மாற்றி ஒன்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உடனே சென்னைக்கு ஆம்புலன்ஸ் சொல்லச் சொன்னேன்.

அது வருவதற்குள் பழக்கதோஷம் என்னை விடவில்லை. அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். ஊரில் ஒரு வதந்தியைக் கிளப்பியது யார் என்று வீடு வீடாகக் கேட்டுப் போகிற மாதிரிதான். இவர் அவரைக் கைகாட்டினார், அவர் இன்னொருவரைக் கைகாட்டினார். ஒருவர்கூட நோயாளியைத் தொட்டிருக்கவில்லை. கடைசியில் போய் முட்டிய மூலக் கட்டுரையில் இருந்தவை எலிகள்.

மனிதர்களை வைத்துச் செய்த ஆய்வைத் தேடி எடுத்தேன். நான் மாணவர்களிடம் கேட்பதெல்லாம் அதில் இருந்தது. சிகிச்சை பெற்றவர்களும் பெறாதவர்களும் ஒரே மாதிரி செத்துப்போயிருந்தார்கள். குறை சொல்ல இடமில்லாத ஆய்வு. அதை எழுதியவர்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வழியில் எங்கோ மூச்சுத் திணறிப் போவதைவிட, பிள்ளைகள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. அதைத் தம்பி மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. “பிள்ளைங்களக் கூட்டிக்கினு வா” என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பிள்ளைகளுக்குத் தலை வாரி, புருஷனுக்குச் சலவைச் சட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். தம்பியும் சிரித்துக்கொண்டே எழுந்து சட்டையைப் போட்டான். பாதிப் பொத்தானுக்கு மேல் முடியவில்லை. இரைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். வராந்தாவுக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“வேற புக்கு பாருங்க அண்ணி,” என்றாள்.

வேறு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் லேப்டாப்பை மடியில் வைத்து அதே சொற்களை மறுபடியும் அடித்தேன். அவள் என் தோளை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். நம்பிக்கை அளிக்கிறது என்ற கட்டுரைதான் முதலில் வந்தது. அதை வரி வரியாகத் தமிழில் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.