தரையில் வைத்த உப்பு

என் அம்மா வெளியாளைத் தொடமாட்டாள் என்று பொய் சொன்னது நீங்கள்தான், சார். அந்தப் பொய்யில்தான் என் சீட்டு போனது.

சுனாமிக்கு அடுத்த வருஷம். மரக்காணத்தில் எங்கள் பள்ளிக்கு யார் யாரோ வந்தார்கள். ஒருவர் நோட்டு கொடுத்தார், ஒருவர் பிஸ்கட் கொடுத்தார். ஒரு பிரெஞ்சு அம்மா மொழி கொடுக்க வந்தார். வாரத்தில் இரண்டு நாள், நாலு மணிக்கு மேல் வகுப்பு. அவருக்குத் தமிழ் வராது, எங்களுக்கு இங்கிலீஷ் வராது. சமூக அறிவியல் எடுக்கிற நீங்கள்தான் நடுவில் நின்று, அவருடைய இங்கிலீஷைத் தமிழில் சொன்னீர்கள்.

நான் ஏழாவது. பொன்ஷூர் என்றால் வணக்கம், மெர்சி என்றால் நன்றி. பூனை மேசைக்கு அடியில் இருக்கிறது என்று தடுமாறாமல் சொல்வேன். எங்கள் வீட்டில் மேசையும் இல்லை, பூனையும் இல்லை. வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் பெயர் பிற பண்பாட்டை அறிதல். அவர்கள் ஊரில் கத்தியை எந்தக் கையில் பிடிப்பார்கள், கன்னத்தோடு கன்னம் வைத்து எத்தனை முறை வணக்கம் சொல்வார்கள் என்றெல்லாம் படித்தோம். உங்கள் வீட்டில் என்ன வழக்கம் என்று ஒரு வெள்ளிக்கிழமைகூட யாரும் எங்களைக் கேட்கவில்லை.

வருஷக் கடைசியில் ஒரு பிள்ளையைப் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு சொல்லித்தருகிற பள்ளியில் சேர்க்கப்போவதாக அந்தம்மா சொன்னார். விடுதி, சாப்பாடு, துணி எல்லாம் அவர் பொறுப்பு. பரீட்சையில் நான்தான் முதல். வீட்டாரைப் பார்ப்பது மட்டும்தான் பாக்கி. பகலில் எங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்? உப்பளத்துக்கே அவரைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள்.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்தியில் பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பாத்தியிலிருந்து சித்தி கத்தினாள்.

"யக்கா, மூஞ்சியையாவது கழுவு. பொண்ணு பாக்க வந்திருக்காங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்து வந்து, "வணக்கம்" என்றார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. குவியலில் நல்ல வெள்ளையாக இருந்த இடத்தில் ஒரு கை உப்பை அள்ளினாள். அந்தம்மா இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார்.

அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, வரப்பில் விரித்து, அதன்மேல் உப்பைக் கொட்டினாள்.

எங்கள் பக்கத்தில் உப்பைக் கையில் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் அந்த இரண்டு பேருக்கும் சண்டை வந்துவிடும். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். மகளை ஒப்படைக்கப் போகிற ஆளோடு சண்டை வரக்கூடாது என்றுதான் என் அம்மா துண்டை விரித்தாள்.

அந்தம்மாவின் முகம் சிவந்துவிட்டது. நீட்டிய கை அப்படியே நின்றது.

"சொல்லேன்டி" என்றாள் அம்மா. "கையில குடுத்தா சண்டை வந்துடும்னு அவங்க பாஷையில சொல்லு."

வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் இருந்த பூனையைத் தவிர எதுவும் வரவில்லை.

"வருஷம் பூரா என்னத்தடி படிச்ச?"

அந்தம்மா உங்களைப் பார்த்தார். நீங்கள் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் ஏதோ சொன்னீர்கள். 'நோ டச்' என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

"என்னா சார் சொன்னீங்க?" என்றாள் அம்மா.

"எல்லாம் நல்லதாதான் சொன்னேன். நீ வேலையப் பாரும்மா."

துண்டில் இருந்த உப்பைத் தொடாமலே அந்தம்மா போய்விட்டார்.

அடுத்த வாரம் அவர் எழுதியனுப்பியதை வகுப்பில் நீங்கள்தான் தமிழில் படித்தீர்கள். வேற்று மனிதரைத் தொடவே தயங்குகிற வீட்டுப் பிள்ளை, பல ஊர்ப் பிள்ளைகளோடு விடுதியில் ஒத்துப்போகாதாம். சீட்டு இரண்டாவதாக வந்தவளுக்குப் போனது. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கோபமெல்லாம் அம்மாமேல் போனது.

"கையில குடுத்திருந்தா உனக்கு என்னா கொறஞ்சிருக்கும்?" என்று கத்தினேன். ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. உப்பைத் தரையில் வைத்தும் சண்டை வந்தது, எங்கள் இரண்டு பேருக்குள்.

அதற்கப்புறம் ஒரு மதியம், ஆசிரியர் அறைக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தேன். உங்கள் குழம்பில் உப்பு பற்றவில்லை. வெளியூரிலிருந்து வந்த கணக்கு டீச்சர் தன்னிடமிருந்த உப்பைக் கிள்ளி உங்களிடம் நீட்டினார். நீங்கள் கையை இழுத்துக்கொண்டீர்கள்.

"அப்படி மூடியில வைங்க டீச்சர், எடுத்துக்கறேன். கையில வாங்கினா உங்ககூட சண்டை வந்துடும்."

டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். சார் வீட்டிலும் நம் வீட்டு வழக்கம்தான் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. குடத்தை வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடிவிட்டேன். பன்னிரண்டு வயதில் அதற்கு மேல் எனக்குப் புத்தி ஓடவில்லை.

அடுத்த மாதம் ஆண்டு விழாவில் பழைய மாணவர்கள் சேர்ந்து உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். நானும் வருகிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். உங்களுக்கும் உள்ள வழக்கத்தை அன்று வெள்ளைக்காரம்மாவிடம் சொல்ல உங்களுக்கு ஏன் வாய் வரவில்லை? எல்லோர் முன்னாலும் மைக்கில் பதில் சொல்லுங்கள், சார். தமிழில் சொல்லுங்கள். இந்த முறை அம்மாவுக்குப் புரிய வேண்டும்.