திருப்தியா என்று கேட்க வந்தவர்

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூரில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில் எல்லாம் இருந்தது. ஜன்னலுக்குக் கம்பி, சமையலறையில் சிமெண்டு மேடை, சுவரில் பித்தளைக் குழாய். அந்தக் குழாயில் தண்ணீர் மட்டும் வராது. கீழ்த்தளத்தைத் தாண்டி அது ஏறியதே இல்லை. மூன்றாவது மாடிக்காரர்கள் நாங்கள் கீழே கைபம்பில் அடித்துத்தான் சுமக்க வேண்டும். கணவருக்குத் தொழிற்பேட்டைக் கம்பெனியில் ஷிப்டு வேலை. ஆம்பளை குடம் தூக்கினால் பம்படியில் சிரிப்பார்கள் என்று அவர் அந்தப் பக்கமே வரமாட்டார்.

எனக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் பிள்ளை இதே படிகளில் குடம் சுமந்த நாட்களில்தான் கலைந்துபோனது. உன் உடம்புவாகு அப்படி என்றார்கள். படிக்கட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இந்தப் பிள்ளையை நான் விடுவதாக இல்லை.

குடியிருப்பவர்களுக்குத் திருப்தியா என்று கேட்க, வீடு கட்டிக்கொடுத்த ஹவுசிங் போர்டு ஆபீஸிலிருந்து ஒருவர் வருகிறார் என்றதும் எங்கள் பிளாக்கே அமர்க்களப்பட்டது. திருப்தியா என்று விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டுத்தான் எங்களுக்குப் பழக்கம். அதனாலோ என்னவோ, குறையைக் காட்ட வேண்டிய நாளில் படிகளைக் கழுவினோம். சாக்கடையோரம் பிளீச்சிங் பவுடர் தூவினோம். டிரம், அண்டா எல்லாவற்றையும் தளும்பத் தளும்ப நிரப்பினோம். என் மாமியார் கேசரி கிண்டினார்.

வந்த அதிகாரி கேசரியை ரசித்துச் சாப்பிட்டார். டிரம்மைப் பார்த்தார்.

"தண்ணிக்குக் குறையே இல்ல போலிருக்கே. திருப்திதானேம்மா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெய் வழியும் கையோடு அவர் டிரம் பக்கம் திரும்ப, மாமியார் சொம்பை எடுத்துவிட்டார். நான் டிரம்மை மூடி, மூடிமேல் கையை ஊன்றிக்கொண்டேன்.

"குழாய்ல கழுவிக்கோங்க சார்."

திறந்தார். உஸ்ஸென்று காற்று வந்தது.

"இது நாங்க தூக்கியாந்த தண்ணி சார். நீங்க குட்த்த தண்ணி கீழயே நின்னுகினு கீது. போய்க் கழுவிக்கோங்க."

"இன்னாடி இது, ஊட்டுக்கு வந்த மனுசன..." மாமியாருக்கு முகம் சுண்டிப்போனது. அதிகாரி நெய்க் கையோடு இறங்கிப் போனார்.

பால்கனியிலிருந்து பார்த்தேன். இடது கையால் பம்பை அடித்து வலது கையை நீட்டுவதற்குள் தண்ணீர் நின்றுவிடுகிறது. மறுபடி அடிக்கிறார். குடத்தோடு நின்ற பெண்களில் ஒருத்தியும் அடித்துக் கொடுக்க வரவில்லை. எனக்கு அவரைப் பார்த்துக் கொஞ்சமும் பாவமாக இல்லை. இன்றைக்கும் இல்லை.

மாமியார் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஆனால் மறுநாள் காலை என் இடுப்பிலிருந்த குடத்தைப் பிடுங்கிக்கொண்டு அவரே இறங்கினார். திரும்பி வரும்போது பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அங்கே உட்கார்ந்தபடியே அந்த ஆபீஸை வாய்க்கு வந்தபடி திட்டினார்.

குழாயைச் சரிசெய்ய யாரும் வரவில்லை. எனக்கு மாதம் நெருங்கியபோது வேறொரு அதிகாரி அதே கேள்வியோடு வந்தார். இந்த முறை படி கழுவவில்லை, கேசரியும் இல்லை. மாமியார் பம்படியிலேயே அவரை மறித்து, நிறைகுடம் ஒன்றை அவர் கையில் கொடுத்தார்.

"மூணாவது மாடிதான் சார் எங்க ஊடு. இத்த எட்த்துகினு மேல வாங்க. திருப்தியா இல்லியான்னு அங்க வந்து நீங்களே சொல்லுங்க."