உம்மா காது வெட்டிய கடா

எங்கள் வாப்பா அபூதாஹிரோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியதற்காகவே உம்மா ஜெமீலாவுக்குச் சுவர்க்கம் கிடைக்க வேண்டும். வாப்பா கெட்டவரல்ல. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை பிடித்தாவது வென்றிருக்கலாம். நல்லவரோடு என்ன செய்வது?

சுதந்திரம் கிடைத்த அடுத்த வருடம் அவர்களுக்குக் கலியாணம். சீதனமாக உம்மாவின் தகப்பன் ஒரு செம்மறிப் பட்டியே கொடுத்தார். கிண்ணியாவில் எங்கள் வளவின் பின்பக்கம் அந்தப் பட்டி இருந்தது. சட்டப்படி ஆடுகள் உம்மாவுடையவை. ஆனால் அவற்றைப் பற்றிக் கதைப்பதெல்லாம் வாப்பாதான்.

வருடா வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு கடாவைக் குர்பான் கொடுப்பார். பிராணி குறையில்லாததாக இருக்க வேண்டும் என்பது மார்க்கம். பட்டியிலேயே ஆகப் பெரியதாக இருக்க வேண்டும் என்பது வாப்பா. அதன் கொம்பைப் பிடித்துத் தெரு ஒழுங்கை முழுவதும் நடத்திக் காட்டாவிட்டால் அவருக்கு நித்திரை வராது. இது போதாதென்று, இரட்டைக் குட்டி போடும் தாய் ஆடுகளையெல்லாம் இறைச்சிக்காரனுக்கு விற்றுவிடுவார். இரட்டைக் குட்டிகள் பிறக்கும்போது எலிக்குஞ்சு மாதிரி இருப்பது அவருக்குப் பெரிய மானக்கேடு.

ஆடுகள் சிறுத்துக்கொண்டே வந்தன. யாரும் அளந்து பார்க்கவில்லை. பட்டி வாசலில் குறுக்கே போட்டிருந்த தடிதான் காட்டிக்கொடுத்தது. நான் சின்னவளாக இருந்த காலத்தில் அந்தத் தடிக்குக் கீழே ஓர் ஆடும் நுழையாது. நான் பெரியவளானபோது தாய் ஆடுகளே முதுகு படாமல் நுழைந்து, பக்கத்து மஹ்ரூப் காக்காவின் வயலில் போய் நின்றன. அவர் வந்து கத்தினார். வாப்பா கீழே இன்னொரு தடி கட்டினார். சில வருடத்தில் அதற்குக் கீழும் நுழைந்தன. இன்னொரு தடி கட்டினார். ஆடு ஏன் சிறுத்தது என்று கேட்டால் புல் சரியில்லை என்பார், மழை சரியில்லை என்பார், மஹ்ரூப் காக்காவின் கண்ணூறு என்பார். உம்மா தலையில் கை வைத்துக்கொள்வார்.

திருகோணமலையிலிருந்து கால்நடைப் பகுதி அதிகாரி இரத்தினசிங்கம் சைக்கிளோடு துறை கடந்து வந்தார். ஆடுகளுக்குக் குடற்புழு மருந்துக் குளிசை கொடுக்க வந்தவர், பட்டியைப் பார்த்துவிட்டு வாப்பாவிடம் கேட்டார்:

"வயலுக்கு எந்த நெல்லை விதைப்பீங்கள்?"

"திறமானத எடுத்து வெச்சு விதைப்பம்."

"ஆட்டில மட்டும் ஏன் திறமானதை முதல்ல அறுக்கிறீங்கள்? நல்லா வளருற கடா தாய் ஆடுகளோட சேந்து பொலிய முந்திப் போயிடுது. வளராத கடா நிண்டு குட்டி குடுக்குது. தகப்பன் மாதிரித்தானே குட்டியும் வரும்?"

"அல்லாஹ்வுக்குக் குடுக்கிறதில கஞ்சத்தனம் பண்ண ஏலா."

"நல்லாக் குடுங்கோ. ஒரு வருசம் பட்டியில பொலிய விட்டிட்டுக் குடுங்கோ. மற்றது, இரட்டை போடுற ஆட்டை விக்காதேங்கோ. ஒரு மடியில ரெண்டு குடிச்சால் குட்டி சிறிசாத்தான் இருக்கும். அது பால் குறை, வித்துக் குறையில்லை. அதின்ர மகளும் இரட்டை போடும்."

வாப்பா தலையை ஆட்டினார், தேத்தண்ணி கொடுத்தார், துறைவரை கூடப் போய் வழியனுப்பினார். அடுத்த பெருநாளுக்கும் ஆகப் பெரிய கடாவையே கொடுத்தார். கதவுக்குப் பின்னால் நின்று அவ்வளவையும் கேட்ட உம்மாவோ, இரட்டை போட்ட தாய் ஆடு ஒன்றை விற்க விடாமல் குசினிப் பக்கம் கட்டிக்கொண்டார்.

அந்த ஆடு மறுபடியும் இரட்டை போட்டது. அதில் நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு ஒரு கடாக்குட்டி. தாயின் பாலோடு உம்மா கஞ்சியும் வைத்தார். அது வளர்ந்தது பாருங்கள், ஒரு வருடத்தில் பட்டியில் எல்லாவற்றையும் மிஞ்சி நின்றது. உம்மாவுக்குச் சந்தோசம் அரைநாள்தான். வாப்பாவும் அதைப் பார்த்துவிட்டார்.

"இந்த முறை சுட்டியன்தான். வெள்ளிக்கிழமை பள்ளியில சொல்லப் போறன்," என்றார்.

வாயால் 'இதுதான் என் குர்பான்' என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. பிறகு அந்தக் கடாவை வைத்திருக்க முடியாது, மாற்றவும் முடியாது. கொடுத்தே ஆக வேண்டும். உம்மா கெஞ்சினார். "ஒரு வருசம் நிக்கட்டுங்க. இதின்ட குட்டியளக் கண்ணால பாத்திட்டுக் குடுங்க."

"நல்லதக் கண்டாப் பிடிச்சு வெக்கிற புத்தி ஒனக்கு."

வியாழக்கிழமை அஸர் தொழுகைக்கு வாப்பா பள்ளிக்குப் போனதும் உம்மா பாக்குவெட்டியை எடுத்தார். சுட்டியனின் கழுத்தை என்னைப் பிடிக்கச் சொன்னார். இடது காதின் நுனியில் ஒரு துண்டு. அது கத்தியது, உம்மா அழுதார். எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசினார். காதில் துண்டு போன கடா குர்பானுக்கு ஆகாது.

வாப்பா வந்து பார்த்தார். "இதுட காது எங்க?"

"இருக்கு. கொஞ்சம் குறையும்."

கோபம் வந்தால் சோறு வேண்டாம் என்பவர்கள் உண்டு. வாப்பா வழக்கம்போல இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டுவிட்டுப் பெருநாள்வரை உம்மாவோடு பேசாமல் இருந்தார். அந்த வருடம் ஒரு சின்னக் கடாவைக் கொடுத்தார். ஒழுங்கையில் நடத்திக் காட்டவில்லை.

சுட்டியன் நின்றான். அடுத்த ஈற்றில் நல்ல உயரமான குட்டிகள். அவனுடைய மகள்மார் தலையெடுத்ததும் இரட்டை இரட்டையாகப் போட்டன. கீழ்த்தடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மஹ்ரூப் காக்காவே வந்து குட்டி கேட்டார். இனியாவது மனிதருக்குப் புரியும் என்று நாங்கள் நினைத்தோம்.

புரிந்தது. தேத்தண்ணிக் கடையில் இருந்து விளக்கம் சொல்லத் தொடங்கினார்: காதை வெட்டினால் காதுக்குப் போகிற இரத்தம் உடம்புக்குப் போகுமாம், அதனால்தான் ஆடு வளர்கிறதாம். என் தங்கச்சி றுக்கியாவின் பிள்ளைப்பேற்றுக்கு உம்மா மூதூர் போயிருந்த சமயம், பாக்குவெட்டியோடு பட்டிக்குள் இறங்கி, கடா, குட்டி, தாய், நோஞ்சான் என்று ஒன்று விடாமல் காது வெட்டிவிட்டார். திரும்பி வந்த உம்மா பட்டியைப் பார்த்தார். போய் மீன் கழுவினார்.

பெருநாள் நெருங்கியதும்தான் வாப்பாவுக்கு உறைத்தது. பட்டிக்குள் குனிந்து ஒவ்வொன்றின் காதாகத் தடவிக்கொண்டு போனார். ஊரில் நல்ல கடாக்களெல்லாம் எப்போதோ பேசி முடிந்திருந்தன.

"ஜெமீலா, ஒண்டாவது முழுக்காதோட இல்லியா?" கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரு பெருநாளும் தவறவிடாதவர். எனக்கே பாவமாக இருந்தது.

"நாளைக்கு மூதூர்த் தோணி வரும், துறையடிக்குப் போங்க," என்றார் உம்மா.

தோணியில் சுட்டியனின் மகன் ஒருவன் வந்து இறங்கினான். மூதூர் போகும்போது உம்மா அவனையும் கூட்டிப்போய் றுக்கியா வீட்டில் விட்டிருந்தார். பேறுகாலத்துக்குப் போகிறவள் ஆட்டை ஏன் கொண்டு போகிறாள் என்று கேட்கக்கூட வாப்பாவுக்குத் தோன்றியிருக்கவில்லை.

"கடையில நீங்க காதுக் கதை கதைக்கத் தொடங்கினவுடனயே எனக்கு விளங்கிட்டு. அதான் கொண்டு போனனான். இதுட காதப் பாருங்க. வெட்டல்ல. வளந்திரிக்கா இல்லியா?"

வாப்பா இரண்டு காதையும் தடவிப் பார்த்தார். பட்டிக்குள் விடப் போனபோது கடாவின் முதுகு மேல்தடியில் முட்டியது. அந்தத் தடியையும் கழற்றினார்.

அவர் தம் வாழ்நாளில் குர்பான் கொடுத்ததிலேயே பெரிய கடா அதுதான். பட்டியில் அதைவிடப் பெரியது ஒன்று, முழுக்காதில்லாமல், நின்று புல் தின்றுகொண்டிருந்தது.