பந்தயத்தன்று தெளித்த சாணித் தண்ணீர்

அந்த ஆவணியில் பாகூரில் மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான். ஏரி வறண்டு கிடந்தது. நாற்றங்காலில் நாற்று மஞ்சள் பாய்ந்துவிட்டது. பெண்கள் வீடு வீடாகப் போய் மழைக்கஞ்சி வாங்கி, தெருமுனையில் கூடி, ஊரை விட்டே போகப்போகிறோம் என்று ஒப்பாரி வைத்தார்கள்; அந்த அழுகைக்கு வானம் இரங்கும் என்பது வழக்கம். நானும் சட்டி ஏந்திப் போனேன், நானும் அழுதேன். மனசுக்குள் மட்டும், ஞாயிற்றுக்கிழமை கழியட்டும் தாயே, அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டு என்று சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் மோட்டார் பந்தயம். புதுச்சேரிப் பிரெஞ்சுத் துரைமார் இரண்டு பேருக்கும் எங்கள் பக்கத்துப் பண்ணையார் இரண்டு பேருக்கும் யார் வண்டி வேகம் என்று பேச்சு வளர்ந்து அதில் வந்து நின்றது. ஊர் நிர்வாகம் நடக்கும் கொம்யூன் ஆபீசை நாங்கள் மேரி என்போம். மேரி வாசலில் புறப்பட்டு, கடைத்தெரு கடந்து, எங்கள் தெருவுக்குள் நுழைந்து, கோவிலைச் சுற்றி, ஏரிக்கரை மேல் ஓடி, மறுபடி மேரிக்கு வர வேண்டும். ஆறு சுற்று. நான்கு வண்டிகளில் ஒன்றை ஓட்டப்போகிறவன் என் அண்ணன். எங்கள் ஊர்ப் பண்ணையாரிடம் அவன் டிரைவர். கல்யாணம் ஆகாதவன்; சாப்பாடு, படுக்கை எல்லாம் என் வீட்டில்தான்.

பதினைந்து நாளைக்கு முன் வண்டியைக் கிளப்பும்போது, முன்பக்கம் செருகிச் சுற்றும் இரும்புக் கைப்பிடி எதிர்த்து உதைத்து, அவன் வலது தோள் கழன்றுவிட்டது. உள்ளூரில் காட்டினால் பேச்சாகிவிடும் என்று குருவிநத்தத்துக் கட்டு வைத்தியரிடம் போய்த் தோளைச் சேர்த்துக்கொண்டு வந்தான். தினமும் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு நான் எண்ணெய் நீவிவிடுவேன். இடது கையால் கைப்பிடி சுற்றுவதைப் பார்த்துக் கேட்டவர்களிடம், அதுதான் ராசி என்று சொல்லி வைத்தான். நம்பினார்கள். ராசி என்று சொன்னால் எங்கள் ஊரில் மறுகேள்வி கிடையாது.

"பண்ணையார்கிட்ட சொல்லிடேன்," என்றேன் ஒருநாள்.

"சொன்னா நாளைக்கே கடலூரான் சீட்டுல குந்திடுவான்," என்றான். கடலூரான் என்பது பண்ணையாரின் சம்பந்தி அனுப்பிவைத்த இன்னொரு டிரைவர். வேலை காலியாகுமா என்று பண்ணை வீட்டையே சுற்றிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் பாதை முழுக்க நடந்து பார்த்தான். சோறு கட்டிக்கொண்டு நானும் கூடப் போனேன். கடைத்தெருவும் ஏரிக்கரையும் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. எங்கள் தெரு முனையில்தான் நெடுநேரம் நின்றான். அங்கே தெரு சட்டென்று ஒடிந்து திரும்பும். திரும்பத் தவறினால் நேரே கோவில் குளம்.

"காஞ்ச மண்ணுல இந்த எடத்த ஒத்தக் கையில திருப்பிடுவேன். ஈரம் பட்டா வண்டி பக்கமா இழுக்கும். அப்ப ரெண்டு கையும் வேணும்," என்றான்.

சாயங்காலம் மேற்கே கருக்கல் கட்டியது. ஊரே வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. நான் மட்டும் உள்ளே போய்விட்டேன். மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது என்பார்கள். எனக்கு எங்கே தெரியப்போகிறது? அண்ணன் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தான்.

விடிந்து பார்த்தால் ஒரு பொட்டு ஈரம் இல்லை. வானம் இருண்டே இருந்தது, ஆனால் மண் காய்ந்து கிடந்தது. அண்ணன் பதினைந்து நாளில் முதல்முறையாகச் சிரித்துவிட்டுப் புறப்பட்டுப் போனான். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாளி நிறையச் சாணி கரைத்து வாசலில் தெளித்தேன். நம் தெரு வழியாகத் துரைமார் வண்டி வருகிறது, வெறும் தெருவாகவா விடுவது? சாமி புறப்பாட்டுக்குத் தெளிப்பதுபோல் எல்லாப் பெண்களும் தெளித்தோம். நான் தெருமுனை வரைக்கும் போய்த் தெளித்தேன், அண்ணன் வண்டி திரும்பும் இடமாயிற்றே என்று. ஈரம் என்றால் மழை மட்டும்தான் என்று புத்தி அப்படி வேலை செய்தது.

கோலம் போட்டு நிமிர்ந்தபோது எதிர்வீட்டுக்காரி குடத்தோடு அந்த முனையில் வழுக்கி, பொத்தென்று உட்கார்ந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் கீழே குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். எங்கள் ஊர்க் களிமண்ணில் சாணித் தண்ணீர் சேர்ந்து விளக்கெண்ணெய் ஊற்றியதுபோல் இருந்தது. வானம் செய்யாததை நானே செய்து வைத்திருந்தேன். அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டுங்கள் என்று கத்திவிட்டு மேரிக்கு ஓடினேன்.

நான்கு வண்டிகளும் உறுமிக்கொண்டு வரிசையாக நின்றன. கூட்டத்தை இடித்துக்கொண்டு அண்ணன் பக்கம் போனேன்.

"அண்ணா, முனையில ஈரம். நாங்கதான் சாணி தெளிச்சோம்."

"எவ்ளோ தூரம்?"

"தெரு முச்சூடும்."

"பரவால்ல, பாத்துக்கறேன். நீ வூட்டுக்குப் போ," என்றான். அப்போது பார்த்தேன்: மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி ஸ்டீரிங் மேல் வைத்தான்.

என் வாய் அடங்காது என்று ஊரே சொல்லும். வண்டிக்கு அந்தப் பக்கம் நின்ற பண்ணையாரிடம் போனேன். "ஐயா, எங்க அண்ணனுக்குத் தோள் கழண்டு பதினஞ்சு நாளாச்சு. அவன ஓட்ட விடாதீங்க," என்றேன்.

பண்ணையார் அவனைப் பார்த்தார். "கைய மேல தூக்குடா."

நெஞ்சு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"எறங்கு," என்றார்.

அண்ணன் இறங்கினான். நூறு பேர் பார்க்க, கடலூரான் அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தான். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

புறப்படச் சைகை காட்டத் துரை ஒருவர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். அவர் கையை உயர்த்தியபோது பெரிய பெரிய துளியாக விழுந்தது. அப்புறம் கொட்டியது. எதிரில் நின்ற வண்டி தெரியாத மழை. துரைமார் மேரிக்குள் ஓடினார்கள். பந்தயம் இல்லை என்று கை காட்டினார்கள். ஊர் சனம் நனைந்துகொண்டே ஏரிப் பக்கம் ஓடியது. கிழவர்கள்கூட ஓடினார்கள்.

நாங்கள் இரண்டு பேர்தான் அங்கே நின்றோம். நல்லதைத்தானே செய்தேன் என்று எனக்குள் நூறு முறை சொல்லிப் பார்த்தேன். மழையிலேயே கடலூரான் வண்டியைத் திருப்பிப் பண்ணை வீட்டுக்கு ஓட்டிப் போனான். அது கண்ணை விட்டு மறையும் வரைக்கும் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்ச நேரம் வாய மூடிக்கினு இருந்திருந்தா இன்னாடி கெட்டுப் போயிருக்கும்?" என்றான்.



நாற்று பிழைத்தது. அந்த வருஷம் விளைச்சலும் நன்றாக இருந்தது. தோள் ஆறியும் அண்ணனை யாரும் வண்டிக்குக் கூப்பிடவில்லை. அதே பண்ணையில் வரப்பு வெட்டப் போனான். சாப்பிடும்போது தெருவில் மோட்டார் சத்தம் கேட்டால் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவான். நான் தட்டை மூடி வைப்பேன்.