லேபில் நான் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டுகள்

கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் தொழிலில், எழுதப் பத்து நிமிஷம் போதும். அது ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் மீதி நாள் முழுக்க. இதே நாற்காலியில் உட்கார்ந்து தேய்கிறவர்கள் இப்போதே தலையாட்டியிருப்பீர்கள்.

வானகரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபின் கவுன்டரில் எட்டு வருஷம் பெயரும் வயதும் டைப் அடித்தவள் நான். சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் துபாய்க்குப் போய்விட்டார். "நீங்கதான் வேகமா டைப் பண்றீங்களே" என்று மேனேஜர் அவருடைய இடத்தில் என்னை உட்காரவைத்தார். வேறு தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் தலைமை அலுவலகத்திலிருந்து பாத்திமா வந்து சொல்லித்தருவாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

நான்காவது வரி

ரத்தத்தைப் பரிசோதிக்கும் மெஷின் கொட்டும் ரிப்போர்ட் ஃபைல்களை, முடிந்தவை, முடியாதவை என்று தானாகப் பிரித்துவைக்க வேண்டும். அதற்காக வரிசையாக எழுதிவைக்கும் கட்டளைகளுக்குத்தான் ஷெல் ஸ்கிரிப்ட் என்று பெயர். அதைப் படித்து அப்படியே செய்கிற புரோகிராம்தான் ஷெல். ஏழு வரி எழுதினேன். நான்காவது வரியில் தப்பு என்றது ஷெல். அந்த வரியை எழுத்து எழுத்தாகப் படித்தேன். அழித்துவிட்டு அதையே மறுபடி எழுதினேன். அதே தப்பு.

மத்தியானம் பாத்திமா வந்து எட்டிப் பார்த்தாள். சதுர அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பேஸ், அதாவது ஒரு வெற்று இடம், தட்டினாள். ஓடியது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவரும் ஏழுமலை, சாம்பிள் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, ஒண்ணுமே இல்லாத எடத்தையா காலைலேர்ந்து தேடிக்கினு இருந்தே?"

இனிஷியல்

அடுத்த வாரம், முடிந்த ரிப்போர்ட்டை அவரவர் போனுக்கு அனுப்பும் ஸ்கிரிப்டும் எழுதினேன். சிலருக்கு மட்டும் போகவில்லை. பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவே இடம் விட்டிருந்தவர்களை என் ஸ்கிரிப்ட் இரண்டு ஆளாகப் பிரித்து, இரண்டு பேருமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டால் சரியாகிவிடும். அது எனக்கு அன்று தெரியாது.

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு பெரியவர் மூன்றாவது முறையாக வந்து நின்றார். நான் பணிவாக, "சார், இனிஷியல் இல்லாம பதிஞ்சா உடனே வந்துடும்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அது எங்கப்பா பேரும்மா. அவரை எடுத்தாத்தான் ரிப்போர்ட் வரும்னா, எனக்கு ரிப்போர்ட்டே வேணாம்."

தானாக ஓடுவது

கையால் ஓட்டினால் ஒழுங்காக ஓடும் ஸ்கிரிப்டைக் காலை ஆறு மணிக்குத் தானாக ஓடும்படி வைத்தேன். மூன்று நாளாகியும் ஓடவில்லை. நான் வந்து உட்கார்ந்து ஓட்டினால் ஓடியது. தானாக ஓடும்போது எது எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாதாம். முழு முகவரி எழுதித்தர வேண்டுமாம். இதை ஏழுமலையிடம் விளக்கினேன்.

"ஆள் பாத்தா வேலை செய்யுது, பாக்காங்காட்டி செய்ய மாட்டேங்குது. அத்த எப்போக்கா பர்மனென்ட் பண்ணாங்க?"

பழைய ஃபைல்கள்

பழைய ஃபைல்கள் இருக்கும் இடத்துக்குப் போ, அங்கே இருப்பதையெல்லாம் அழி. இரண்டே வரி. அந்த இடத்துக்கு நான் வைத்திருந்த சுருக்கப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டேன். அப்படி ஓர் இடம் இல்லை என்று ஷெல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெயரே கொடுக்காததாக எடுத்துக்கொண்டு ஆரம்ப இடத்துக்குப் போய், அங்கே இருந்ததை அழித்தது. அங்கே இருந்தது அன்றைய ரிப்போர்ட்டுகள்.

கவுன்டரில் ஒருவர், மறுநாள் மனைவிக்கு ஆபரேஷன் என்று காத்திருந்தார். நல்லவேளை, மெஷினுக்குள் ஒரு பிரதி இருந்தது. நானும் பாத்திமாவும் சாப்பிடாமல் சாயங்காலம்வரை ஒவ்வொன்றாக எடுத்தோம், முதலில் அவருடையது. பாத்திமா ஒரு வார்த்தை திட்டவில்லை. எல்லாம் முடிந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"எதை அழிக்கப்போறோம்னு முதல்ல ஸ்க்ரீன்ல போட்டுப் பாக்கணும்க்கா. நான் போன கம்பெனிய விட்டு வந்ததே இந்த ரெண்டு வரியாலதான்."

லட்சுமி 1, லட்சுமி 2

"பூந்தமல்லி லட்சுமிம்மா வாசல்ல குந்திக்கினு ஜிலேபி துண்றாங்கக்கா" என்று ஏழுமலை வந்து சொன்னார். எட்டு வருஷ சர்க்கரைக்காரர். ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்ததால் மாத்திரையையும் நிறுத்திவிட்டாராம்.

ஸ்கிரிப்டைத் திறந்து, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று திரையில் காட்டவைத்துப் படித்தேன். ஒரே பெயர் இரண்டு வந்தால் 1, 2 என்று எண் போடச் சொல்லியிருந்தேன். மெஷினில் எது முதலில் முடிந்ததோ அது லட்சுமி 1. ரிப்போர்ட் அனுப்பும் போன் நம்பர் பட்டியலிலோ, யார் முதலில் பதிந்தாரோ அவர் லட்சுமி 1. அன்று வந்த இரண்டு லட்சுமிகளின் ரிப்போர்ட்டுகளும் இடம் மாறிப் போயிருந்தன. பெயரை விட்டுவிட்டு சாம்பிள் நம்பரை வைத்துத் தேடும்படி மாற்றினேன்.

இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. ஏழுமலையின் வண்டியில் ஏறிப் போனேன். பூந்தமல்லி லட்சுமி சரியான ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். கத்துவார் என்று நின்றிருந்தேன். உள்ளே போய் மாத்திரை அட்டையை எடுத்துவந்தார். "நாலு நாள் நல்லா இருந்துச்சும்மா" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அன்றே டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

அடுத்தது வேலப்பன்சாவடி லட்சுமி. "உங்களுக்குச் சர்க்கரையே இல்லம்மா, தப்பு என்னுது" என்றேன். அவர் உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"நாலு நாளா எங்க ஊட்டுக்காரருதாம்மா பாத்திரம் தேய்க்கிறாரு. இந்த நல்ல ரிப்போர்ட்ட ஒரு வாரம் கழிச்சி அனுப்பக் கூடாதா?"

நாம் சொன்னதைத்தான் ஷெல் அப்படியே செய்யும் என்று பாத்திமா தந்த புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. அதை எச்சரிக்கையாக எடுக்காமல், ஷெல்லின் பெருமை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டியதுதான் நான் செய்த முதல் தப்பு.