ஞாயிறு வரை பொறுக்கச் சொன்னவர்

நானும் வீட்டு புரோக்கர், அவரும் வீட்டு புரோக்கர். ஆனால் அவருடைய ஊரான அரவேணுவில், டீக்கடையில் அவர் வந்தால்தான் பெஞ்சில் தள்ளி உட்காருவார்கள். நரைத்த மீசை, சாயம் போன ஸ்வெட்டர். யார் விலை சொன்னாலும் மப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொள்வார், அதற்கப்புறம்தான் பேச்சு.

ஒரு வியாழக்கிழமை, அவர் விற்றுக்கொடுக்க இருந்த வீட்டுக்கு ஒரு கோயம்புத்தூர்க்காரரைக் கூட்டிப்போனேன். வந்தவர் பேரமே பேசாமல் சொன்ன விலைக்கு ஒத்துக்கொண்டார். நானாக இருந்தால் அங்கேயே அட்வான்ஸ் வாங்கியிருப்பேன்.

இவர் மப்ளரைக் கட்டிக்கொண்டு, "ஊட்டை விக்கற அம்மாகிட்ட இந்த வெலைய இப்பவே சொல்லிடறனுங்க. முடிவு ஞாயித்துக்கிழமை. லீவுல வர்றவங்களும் பாக்கட்டுங்க" என்றார்.

"என் பார்ட்டி போயிட்டா?"

"போனா போகட்டுங்க. வித்துட்டு அந்தம்மா, அவசரப்பட்டுட்டமோன்னு நெனச்சுட்டே இருக்கக்கூடாதுங்க."

ஞாயிறன்று நல்ல மழை. ஒருத்தரும் வரவில்லை. என் பார்ட்டிக்கே, அதே விலைக்கு முடிந்தது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஆனால் அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டது அவரைத்தான். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

போன மாதம் எங்கள் வீட்டையே விற்க வேண்டி வந்தது. முதல் நாளே ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"அரவேணுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாங்க."