சத்து மாத்திரை டப்பா

குற்றாலம் ஐந்தருவிப் படியில் என் மகள் ஷிஃபா மயங்கி விழுந்தபோது, வெறும் வயிற்றோடு வந்ததால்தான் என்று அவளைத் திட்டினேன். அவள் கண் திறக்கும் முன்பே திட்டிவிட்டேன், பாவி.

அவளுக்குப் பதினாறு வயது. அதற்கு முந்தைய வருடம் பேச்சையும் சோற்றையும் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தே கிடந்தாள். தென்காசி மனநல மருத்துவர் மன அழுத்தத்துக்கு மாத்திரை எழுதினார். அதற்கு முன்பு ஈ.சி.ஜி. (இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் வரையும் சோதனை) எடுத்தார். "இதயம் நல்லா இருக்கும்மா. ஆனா வேற யார்ட்ட போனாலும் இந்த மாத்திரையச் சொல்லிரணும்," என்றார். தலையாட்டினேன். இரண்டு மாதத்தில் என் பிள்ளை சிரித்தாள்.

எங்கள் வடகரையில் ஒரு வீட்டுச் சேதி அடுத்த தெருவுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? நாளைக்கு எவன் இவளைக் கட்டுவான் என்று பயந்தேன். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து இரும்புச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன். சவூதியில் இருக்கும் அவள் வாப்பாவிடம்கூட அதே பொய்தான்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரம் அவளுக்குக் காய்ச்சல், ஓயாத வாந்தி. ஊர் டாக்டர் கேட்டார், "வேற மாத்திரை எதுவும் சாப்பிடுதாளா?"

என் கணவரின் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "சத்து மாத்திரை மட்டுந்தான் டாக்டர்," என்றேன். ஷிஃபா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

காய்ச்சலுக்குக் கிருமிக்கொல்லி (ஆன்டிபயாட்டிக்) மாத்திரையும் வாந்திக்கு மாத்திரையும் கொடுத்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. சாரலுக்கு வந்திருந்த சொந்தக்காரர்களோடு குற்றாலத்துக்குக் கூட்டிப் போனேன். அவள் படியில் விழுந்தது அன்றைக்குத்தான்.

தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஈ.சி.ஜி. தாளை நீட்டினார். க்யூ.டி. இடைவெளி (துடித்த இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரம்) நீண்டிருந்தது. "ஊர் டாக்டர் மருந்து போக இன்னும் என்னம்மா கொடுத்தீங்க? மறைக்காதீங்க, உயிர் போயிரும்."

நாத்தனார் கேட்கும்படியே உண்மையைச் சொன்னேன். "தனியா இந்த மாத்திரையால இவளுக்கு ஒண்ணும் ஆகல," என்றார் டாக்டர். "மூணும் சேர்ந்து, வாந்தில உப்புச்சத்தும் போயி, துடிப்பு தடுமாறிட்டு."

தாளில் ஒரு சின்னக் கட்டம் ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்காம். சில கட்டங்கள் கூடியதில் என் மகள் போயிருப்பாள்.

பிழைத்தாள். ஆனால் பழைய மாத்திரையை நிறுத்த வேண்டியதாயிற்று. புது மாத்திரை வேலை செய்வதற்குள் பல வாரம் மறுபடியும் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். மீட்டுக்கொண்டு வந்த சிரிப்பை நானே தொலைத்தேன். ஒருநாள் சோறு ஊட்டும்போது சொன்னாள், "எனக்கு வெக்கமா இல்லம்மா. உங்களுக்குத்தான் இருந்துச்சு."

இதைப் படிக்கிற தாய்மாரே, அந்த மாத்திரைக்குப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எந்த டாக்டரிடமும் அதை மறைக்கவும் செய்யாதீர்கள்.

இப்போது எந்த டாக்டரிடம் போனாலும் ஷிஃபாவே தன் மாத்திரையின் பெயரைச் சத்தமாகச் சொல்கிறாள். உள்ளே போகும்முன், "நீங்க வெளிய இருங்கம்மா," என்கிறாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, மணிக்கட்டில் விரலை வைத்து, கதவு திறக்கும்வரை என் துடிப்பை எண்ணுகிறேன்.